கடைசியாகக் கை பட்டது

ஆளில்லாத மாடியில் ஒரு விசைப்பலகையை யாரோ இப்போதுதான் தொட்டிருந்தார்கள்.

லோர்னா பென்னர் தன் மடிக்கணினித் திரையில் அதைச் சொன்ன வரியை ஒருமுறை படித்தாள், ஆறிப்போன காப்பியில் ஒரு வாய் குடித்தாள், மறுபடி படித்தாள். வெள்ளிக்கிழமை மதியம். வின்னிபெக் நகரம் முழுக்கப் பனிப்புயலுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பள்ளி இல்லை, பேருந்து இல்லை, அலுவலகம் இல்லை. அவளுடைய சமையலறை ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடு இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஏதோ பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருந்தது. கூரை ஓரத்துத் தகரத்தைக் காற்று பிடித்து ஆட்டும், போனால் போகிறது என்று விடும், நினைத்துக்கொண்டு மறுபடி பிடிக்கும். காலையிலிருந்து அவளால் ஒரு இடத்தில் நிலையாக உட்கார முடியவில்லை. அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பையே மறுபடியும் துடைத்தாள்.

அவள் வேலை பார்ப்பது ஆலங்கட்டி மழைக்குப் பயிர்க் காப்பீடு விற்கும் கம்பெனியில். வானத்தோடு பந்தயம் கட்டிப் பிழைக்கிற வியாபாரம். அங்கிருக்கும் அத்தனை கணினிகளையும் மேய்ப்பது லோர்னாவின் பொறுப்பு, ஆனால் மேய்ப்பதற்கு அவள் பக்கத்தில் நிற்கவேண்டியதில்லை. வீட்டு மேசையில் மடிக்கணினியை விரித்து, கட்டளைகளைக் கோத்து எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்றை ஏவிவிட்டால் போதும். அது ஊருக்கு நடுவிலிருக்கும் அலுவலகத்துக்குப் போய் ஒவ்வொரு கணினியாகத் தட்டி எழுப்பி, சொன்ன வேலையைச் செய்துவிட்டு வந்து பதில் சொல்லும். இன்றைய வேலை, எல்லாவற்றிலும் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்து அணைத்துத் திறப்பது. திங்கள் காலைக்குள் முடியவேண்டும் என்று மேலாளர் பிரெண்டா கறாராகச் சொல்லியிருந்தாள்.

அணைத்துத் திறப்பதில்தான் வில்லங்கம். ஒருவர் தட்டிக்கொண்டிருக்கும்போது அவருடைய கணினியை அணைத்தால் அரைநாள் உழைப்பு காற்றோடு போய்விடும். பிறகு அந்த ஆள் லிஃப்டில் பார்க்கிற பார்வைக்கு மருந்தே கிடையாது. அதனால் லோர்னாவின் ஸ்கிரிப்ட் முதலில் மரியாதையாக ஒரு கேள்வி கேட்கும்: உன்மேல் கடைசியாகக் கை பட்டது எப்போது? எல்லாக் கணினிகளும் நேற்று மாலை என்றன. மூன்றாம் மாடியில், கிழக்கு ஜன்னலை ஒட்டி, இழப்பீட்டுப் பிரிவு ஹெடியின் மேசை மட்டும் சொன்னது: இப்போது.

ஹெடி நேற்றே லாக் டு போனேயில் இருக்கும் தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

லோர்னா போனை எடுத்தாள். கட்டடத்தில் இருந்தது ஒரே ஒரு ஆள், ஆர்லன் சிக்ஃபுசன். தொலைவிலிருந்து எழுப்பினால் எழுந்திருக்காத கணினிகளைக் கையால் அமுக்கி எழுப்ப ஒருவர் நேரில் இருந்தாக வேண்டும். உண்மையில் இன்று அது லோர்னாவின் முறை. பனிப்பாதையில் வண்டி ஓட்ட அவளுக்கு நடுக்கம். நேற்று ஆர்லனிடம் பேரம் பேசினாள். ஒரு நாள் விடுப்பில் ஆரம்பித்தான், உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டையான பெரோகி ஒரு தட்டுக்கு இறங்கிவந்தான். சல்லிசாக முடிந்ததே என்று அப்போது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

“ஆர்லன், ஹெடியோட கீபோர்டுல கை வெச்சியா?”

“நானா? நான் சர்வர் ரூம் தரையில உக்காந்து சாண்ட்விச் தின்னுட்டிருக்கேன், தாயே. இங்க கை வெக்கிறதுக்கு வெள்ளரிக்கா ஊறுகா மட்டுந்தான் இருக்கு.”

“வேற யாராச்சும் வந்தாங்களா?”

“இந்தப் புயல்லயா? என் வண்டியே எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியல. கீழ வாட்ச்மேன்கூட வரல. ஏன், பிரெண்டா வேவு பாக்கச் சொன்னாளா?”

“ஒண்ணுமில்ல. மவுஸ் அதிர்ந்திருக்கும்.”

“காத்துல கட்டடமே அதிருது. பெரோகியில வெங்காயம் தாராளமா போடு, சொல்லிட்டேன்.”

மவுஸ் அதிர்ந்திருக்கும். பயம் வந்த புதிதில் நாமே அதற்கு விலை சொல்லிப் பாதியாக அடித்துவிடுகிறோம். அதுவும் மறுபேச்சில்லாமல் சரி என்று தலையாட்டிவிட்டுக் கடைக்குள்ளேயே ஓர் ஓரமாக நின்றுகொள்கிறது. லோர்னா ஹெடியின் கணினியை விட்டுவிட்டு மற்றவற்றைப் பார்த்தாள். எழுந்தது எது, எழாதது எது என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டுமென்பதால் ஸ்கிரிப்டைத் தானாகத் திரும்பத் திரும்பக் கேட்கும்படி ஓடவிட்டாள். பிறகு எழுந்துபோய் சூப் சூடாக்கினாள். தகரம் ஆடியது. குளிர்பதனப்பெட்டி முனகி நின்றது. சமையலறையில் கொத்தமல்லியும் மாட்டு எலும்பும் மணத்தன. எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. ஆனாலும் அவள் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே குடித்தாள்.

திரும்பி வந்தபோது ஹெடியின் மேசை அமைதியாக இருந்தது. அதற்கு மேற்கே, சில மேசைகள் தள்ளி, ஒன்று சொன்னது: இப்போது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் வரிகள் புதுப்பிக்கப்பட்டன. அதற்கும் அடுத்த மேசை. இப்போது.

அந்த மாடி அவளுக்கு மனப்பாடம். பழைய தானியக் கிடங்கை அலுவலகமாக்கிய கட்டடம். செங்கல் சுவர், உயரமான கூரை, மேசைகள் கிழக்கிலிருந்து மேற்காக வரிசையாக. மேற்குக் கோடியில் சர்வர் அறை. எல்லா மேசைகளின் கம்பிகளும் அங்கேதான் போய்ச் சேர்ந்து, அங்கிருந்துதான் வெளியுலகத்துக்குக் கிளம்பும். அறைக்குக் கதவு ஒன்றுதான். மாடிப்படிக்குப் போகவேண்டுமென்றால் மேசைகளுக்கு நடுவே பாதித் தூரம் நடந்தாக வேண்டும்.

வரிகள் புதுப்பிக்கப்பட்டன. மேற்கே இன்னொரு மேசை.

யாரோ நடந்து போகிறார்கள் என்று அவள் மனம் சொன்னது. போகிற போக்கில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு விரலை வைத்துவிட்டு. குழந்தைகள் வேலிக் கம்பிகளைத் தட்டிக்கொண்டு போவார்களே, அப்படி.

“ஆர்லன், கதவைத் திறந்து வெளிய பாரு. உள்ளயே நின்னு பாரு. வெளிய காலை வெக்காத.”

“என்ன இது புது நாடகம்?”

“பாருன்னு சொல்றேன்ல.”

சர்வர் அறையின் விசிறி இரைச்சல் போனில் கேட்டது. கதவு திறந்தது. இரைச்சல் பின்னுக்குப் போய், பெரிய வெற்றிடத்தின் நிசப்தம் காதுக்குள் வந்தது.

“ஒருத்தரும் இல்ல. லைட்கூட எரியல.”

அந்த மாடியில் மனிதர் நடமாட்டம் பட்டால் விளக்கு தானாக எரியும். எரியவில்லை என்றால் யாரும் நடக்கவில்லை. லோர்னாவுக்கு மூச்சு வந்தது. அப்படியென்றால் ஸ்கிரிப்டில்தான் தவறு. தவறு என்றால் திருத்திக்கொள்ளலாம்.

“இரு,” என்றான் ஆர்லன்.

“என்ன?”

“சத்தம் கேக்குது.”

“என்ன சத்தம்?”

“டக்குனு. கீபோர்டு தட்டுற மாதிரி. ஒரே ஒரு தட்டு.” அவன் குரலைத் தாழ்த்தினான். “இருட்டுக்குள்ள இருந்து வருது, லோர்னா. ஈரக் கம்பளி நாத்தம் வேற அடிக்குது. நனைஞ்ச கோட்டை ஹீட்டர் மேல போட்டா வருமே, அந்த மாதிரி.”

திரையில் வரிகள் புதுப்பிக்கப்பட்டன.

“இன்னொண்ணு,” என்றான் அவன்.

தாயே என்று கூப்பிடாமல் பெயரைச் சொல்லிவிட்டான் என்பது அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. இத்தனை வருடத்தில் ஆர்லன் கேலி பேசாத சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. அவன் அப்பாவின் அடக்கத்தன்றுகூடச் சவப்பெட்டியின் விலையைப் பற்றி அவள் காதில் ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்தவன்.

“கதவைச் சாத்திக்கோ,” என்றாள். “உள்ள தாழ்ப்பா இருக்கா?”

“இதுக்கு உள்ள தாழ்ப்பா கிடையாது. உனக்குத் தெரியாதா?”

அவளுக்குத் தெரியும்.

போலீசைக் கூப்பிடலாம். என்ன சொல்வது? ஒரு கட்டடத்தில் கணினிகளை யாரோ தொடுகிறார்கள், ஆனால் யாருமில்லை என்றா? நெடுஞ்சாலையில் கவிழ்ந்து கிடக்கும் வண்டிகளை விட்டுவிட்டு அதற்கு யார் வரப்போகிறார்கள்? அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், எழுந்தாள். ஜன்னலுக்கு வெளியே வெள்ளை ஓட்டம் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. இந்த மாதத்தில் பொழுது சீக்கிரமே சாய்ந்துவிடும்.

திரை மாறியது. போனில், கதவுக்குப் பின்னாலிருந்து, மங்கலாக: டக்.

இந்த முறை அவளுக்கே கேட்டது.

திரை மாறியதும் சத்தம். அதற்கு முன்பும் அப்படித்தான். அவன் ‘இன்னொண்ணு’ என்றது திரை மாறிய கையோடுதான். லோர்னா மெதுவாகக் கையை நீட்டி ஸ்கிரிப்டை நிறுத்தினாள்.

“ஆர்லன். இப்ப கேக்குதா?”

“இல்ல.”

காத்திருந்தார்கள். தகரம் ஆடியது. அவன் மூச்சு அவள் காதில்.

“இப்ப?”

“இல்ல. போயிடுச்சு போல.”

நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். அது அவளுடைய தொழில் புத்தி. எதையும் ஒருமுறைக்கு இரண்டு முறை ஓட்டிப் பார்க்காமல் நம்பமாட்டாள். ஒரே ஒருமுறை கேட்கும்படி ஏவினாள்.

டக்.

“ஐயோ! கிட்ட வந்துடுச்சு. கதவுக்கு வெளிய இருக்கிற மேசை. நீ ஏதாச்சும் பண்ணியா?”

“இல்ல,” என்றாள் லோர்னா.

கேட்டால்தான் நகர்கிறது. ஒவ்வொரு முறை அவள் கேட்கும்போதும், மேற்கே ஒரு மேசை. சூப் சூடாக்கிக் குடித்த நேரமெல்லாம் அவள்தான் அதைக் கையைப் பிடித்து அழைத்து வந்திருக்கிறாள், பெரோகிக்கு விலைபோன ஒருவன் உட்கார்ந்திருக்கும் கதவுவரைக்கும்.

கேட்காமல் இருந்துவிடலாம். ஆனால் அது அங்கேயே நிற்கும். கதவுக்கு வெளியே. தாழ்ப்பாள் இல்லாத கதவு. பொழுது சாய்கிறது.

“லோர்னா, கைப்பிடி ஈரமா இருக்கு.” அவன் கிசுகிசுத்தான். “உள்பக்கக் கைப்பிடி.”

அவள் விரல்கள் தானாக வேலை செய்தன. எல்லோரையும் கேட்டால் அடுத்த மேசைக்குப் போகிறது. ஒருவரை மட்டும் கேட்டால்? கிழக்குக் கோடியில், காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில், பிறந்தநாள் வாழ்த்து காட்டுவதற்கென்று ஒரு பழைய கணினி இருந்தது. மாடிப்படியையும் தாண்டி அந்தப் பக்கம். மற்ற பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு அந்த ஒரு பெயரை மட்டும் ஸ்கிரிப்டில் வைத்தாள்.

“நல்லா கேட்டுக்கோ. நான் சொன்னதும் கதவைத் திறந்து ஓடு. நேரா படிக்கட்டு. காப்பி மிஷின் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காத.”

“ஏன், அங்க என்ன?”

“ஓடுன்னா ஓடணும். கேள்வி கேக்கக்கூடாது.”

ஏவினாள். நிற்காமல் கேட்கும்படி.

காப்பி இயந்திரத்துப் பக்கத்துக் கணினி சொன்னது: இப்போது.

“ஓடு!”

கதவு அறைந்தது. பூட்ஸ் சத்தம். அவன் ஓட ஓட விளக்குகள் எரியும் ‘டிக் டிக்’ ஒலி. லோர்னா இரண்டு கையாலும் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துத் திரையையே பார்த்தாள். இப்போது. இப்போது. அங்கேயே இரு. இப்போது. அங்கேயே. எங்கோ தூரத்தில், அவன் மூச்சுக்கும் பூட்ஸுக்கும் பின்னால், கதவைத் திறக்கச் சொல்லிப் பொறுமையாகத் தட்டுவதுபோல் ஒரு விசை தட்டப்பட்டுக்கொண்டே இருந்தது.

பிறகு ஆர்லன் கத்தினான்.

“கரண்ட் போச்சு! ஒண்ணும் தெரியல!”

“படிக்கட்டு எங்க?”

“கையில சுவர் படுது... கம்பி... கிடைச்சுடுச்சு!”

“இறங்கு! இறங்கிக்கிட்டே இரு!”

தடதடவென்று இரும்புப் படிகள். விழுந்து எழுகிற சத்தம், ஒரு கெட்ட வார்த்தை, மறுபடி படிகள். கனமான கதவு. அப்புறம் காற்று, புயலின் முழு ஊளை. ஒரு வண்டிக் கதவு திறந்தது. மூடியது. ஊளை அடங்கியது. மூச்சு மட்டும்.

“வண்டியில இருக்கேன்,” என்றான். “வெளிய வந்துட்டேன். லோர்னா, வந்துட்டேன்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அழுகிறோமா சிரிக்கிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

“ஒரு தட்டெல்லாம் இனி செல்லாது,” என்று அவன் நடுங்கிச் சிரித்தான். “வண்டி நிறையக் குடுக்கணும். கேட்டியா? உன் வீட்டு வாசல்லயே வந்து உக்காந்துக்குவேன்.”

“வா,” என்றாள். “எவ்வளவு வேணுமோ தின்னு.”

அவன் வண்டியைக் கிளப்பினான். ஹீட்டர் இரைந்தது. ஹெடியின் மேசைக்கு இனிப் பகலிலும் தனியாகப் போகமாட்டேன், பிரெண்டா வேண்டுமானால் போகட்டும், அவளைப் பார்த்தால் அதுவே ஓடிவிடும் என்று வாய் ஓயாமல் பேசினான். லோர்னா கண்ணைத் திறந்தாள்.

ஸ்கிரிப்ட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அலுவலகத்தில் மின்சாரம் இல்லை. காப்பி இயந்திரத்துப் பக்கத்துக் கணினி செத்துவிட்டது. பூட்டிய கடை முன்னால் நின்று நேரம் போக்கக்கூடாது என்பது லோர்னாவின் கொள்கை. பதில் சொல்லாத பெயரை அவளுடைய ஸ்கிரிப்ட் தானாகவே அடித்துவிடும். அடித்திருந்தது. இருந்ததே ஒரு பெயர். இப்போது பெயர் இருக்கவேண்டிய இடம் காலி.

எந்தக் கணினி என்று எழுதாத கட்டளை, அதை எழுதிய கணினியிலேயே இறங்கும். இந்தத் தொழிலுக்கு வந்த முதல் மாதத்திலேயே எல்லோரும் இந்தக் குழியில் ஒருமுறை விழுவார்கள். ஊருக்கே அனுப்பியதாக நினைத்துத் தங்கள் கணினியையே அணைத்துக்கொண்டு விழிப்பார்கள். லோர்னா அப்படிப்பட்டவர்களை வாய்விட்டுக் கேலி செய்திருக்கிறாள்.

திரையில் ஒரே ஒரு வரி. அவளுடைய மடிக்கணினியின் பெயர்.

இப்போது.

நான்தானே தட்டினேன் என்று நினைத்தாள். அதனால்தான்.

இரண்டு கையும் போனில் இருந்தது. அவன் ஓட ஆரம்பித்ததிலிருந்து.

வரி புதுப்பிக்கப்பட்டது. இப்போது.

ஈரக் கம்பளி வாசனை.

அது கதவைத் தேடி வரவில்லை. ஆர்லனையும் தேடி வரவில்லை. எல்லா மேசைகளின் கம்பிகளும் போய்ச் சேர்ந்து வெளியே கிளம்பும் இடத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தது. கேள்வி வருகிற பக்கமாக. அவன் வழியில் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான்.

“ஹலோ?” என்றான் ஆர்லன். “என்ன, சத்தத்தையே காணோம்? தாயே?”

நிறுத்தவேண்டும். நிறுத்துவதற்கு விசையை அமுக்கவேண்டும். இந்த விசைப்பலகையில். கையை அங்கே கொண்டுபோய்.

அவளால் முடியவில்லை.

திரைக்கு அடியில், மேல் வரிசையில் ஒரு விசை இறங்கியது. தட்டியதுபோல் அல்ல. ஒரு விரல் நிதானமாக வைத்து, கனத்தைக் கொடுத்து, எடுத்ததுபோல். டக். விசையின் மேல் ஒரு சொட்டு நீர் நின்றது.

அதற்கு அடுத்த வரிசை. இவள் பக்கமாக.

டக்.

அதற்கும் அடுத்தது.

“லோர்னா? அது என்ன சத்தம்?” போனில் அவன் குரல் மாறிவிட்டது. “லோர்னா, அந்தச் சத்தம் எங்கேர்ந்து வருது?”

கடைசி வரிசை. நீண்ட விசை. அகலமாக, முழுவதுமாகக் கீழே போனது. மேலே வரவில்லை. மேசை விளிம்பில் நீர் ஒரு கோடாக இறங்கியது.

பிறகு விசை மெல்ல எழுந்தது.

அவள் வயிற்றின் மேல், ஸ்வெட்டரின் பின்னல், ஒரு விரல் அகலத்துக்கு உள்ளே அமுங்கியது.